நூலின் இந்தப் பக்கம்

தொலைபேசியில் பேசுகிற ஆள் எனக்கு நேரெதிரே, புல்வெளியின் மற்றத் தொங்கலில், ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் நிற்கிற கிளைடர், அதாவது மோட்டர் இல்லாத விமானம், என் கண்ணுக்கு ஒரு வெள்ளைக் கோடு மட்டுந்தான். வெயில் காய்கிற நாட்களில் அந்தக் கோடும் அலையலையாக ஆடும்.

"இடது கயிறு. ஏ.எஸ்.கே 21. இரண்டு பேர்."

ஏ.எஸ்.கே 21 என்பது விமானத்தின் வகை. கயிறு சுற்றியிருக்கிற இடது ட்ரம்மைப் பூட்டுகிறேன். "விண்டே தயார்" என்கிறேன். "கயிற்றை இழு" என்கிறது குரல். மெல்ல, மிக மெல்ல ட்ரம்மைச் சுழல விடுகிறேன். புல்லுக்குள் வளைந்து நெளிந்து கிடந்த கயிறு நேராகி, நிலத்தைவிட்டு ஒரு சாண் எழுந்து விறைக்கிறது. "கயிறு இறுகிவிட்டது." அதற்குப் பிறகு ஒரேயொரு சொல்தான் வரும். வந்ததும் கையில் இருக்கிற நெம்பை முன்னுக்குத் தள்ள வேண்டும். வெடுக்கென்று தள்ளக் கூடாது. தயங்கித் தயங்கியும் தள்ளக் கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிப்பதற்குள் அந்த வெள்ளைக் கோடு நிலத்தை விட்டுவிடும். இன்னும் கொஞ்ச நேரத்தில் கோடு சிலுவையாகும், விமானத்தின் வயிறு தெரியும். முக்கால் நிமிடத்துக்குள் அது என் தலைக்கு மேலே வந்து நிற்கும்.

ட்ரம்மைச் சுழற்றிக் கயிறு இழுக்கிற இந்த யந்திரத்துக்கு ஜேர்மன் மொழியில் 'விண்டே' என்று பெயர். முதல் நாள் அந்தப் பெயரைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் காற்றில் கூவுவதற்காகப் பட்டத்துக்குப் பூட்டுகிற விண்ணும், அது போய்ச் சேருகிற விண்ணும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறதே என்று. ஆனால் அவர்களுடைய சொல்லுக்குச் சுற்றுவது, சுருட்டுவது என்றுதான் பொருள். இங்கிலீசில் வின்ச். நம்முடைய மீன்பிடித் துறைமுகங்களில் இருக்கிற அதே வின்ச்தான். அங்கே வலையும் வள்ளமும் இழுக்கிறது, இங்கே விமானத்தை இழுக்கிறது.

நான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவன் அல்ல. மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்த தகப்பன். பதின்மூன்று வயதில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வைத்துத் தான் கிளைடர் ஓட்டப் பழகப்போவதாகச் சொன்னாள். நாங்கள் இருப்பது ஹெசன் மாநிலத்தில், ரோன் மலைப் பக்கம். வெயிலான ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் சத்தமே இல்லாமல் இரண்டு மூன்று வெள்ளைச் சிறகுகள் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். ஜேர்மனியில் கார் ஓட்டப் பதினேழு, பதினெட்டு வயதாக வேண்டும். ஆனால் பதினாலு வயதில் ஒரு பிள்ளை தனியாகக் கிளைடரில் பறக்கலாம். இதை நான் நம்பவில்லை. சட்டத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

அம்மா எங்களோடுதான் இருக்கிறா. அவவுக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு சொன்னா: "பிளேன் சத்தம் கேட்டா ஓடிப் பங்கருக்க ஒளிச்சனாங்கள். நீ காசு குடுத்து என்ர பேத்தியை அதுக்குள்ள ஏத்தப் போறியோ?"

எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் சிறுவனாக இருந்தவனுக்கு விமானம் என்றால் குண்டு போட வருகிறதுதான். சியாமாசெட்டி என்போம், பொம்பர் என்போம். சத்தத்தை வைத்தே எது எந்தப் பக்கம் வருகிறது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகள் நாங்கள். "இதுக்கு மோட்டர் இல்லை அம்மா, சத்தம் வராது" என்றேன். "மோட்டர் இல்லாமல் எப்பிடி மேல போகும்?" என்றா. நியாயமான கேள்வி. "கயிறு கட்டி இழுப்பினம்" என்றேன். "பட்டம் ஏத்துற மாதிரியோ?"

ஓம். பட்டம் ஏத்துற மாதிரியேதான். இந்தப் பதிவில் நான் விளக்கப்போகிறது எல்லாம் அம்மா ஒரு வரியில் சொன்னதைத்தான்.

எங்கள் வீடு வல்வெட்டித்துறைக்குப் பக்கத்தில். தைப்பொங்கலுக்கு அந்தக் கடற்கரையில் ஏறுகிற பட்டங்களைப் பார்க்க இப்போது உலகம் முழுவதிலுமிருந்து சனம் வருகிறது. எங்கள் காலத்தில் அவ்வளவு பெரிதில்லை, ஆனால் மார்கழி கடைசியில் வாடைக்காற்று நின்று வீசத் தொடங்கினால் வீட்டுக்கு வீடு மூங்கிலும் திசுத்தாளும்தான். விண் பூட்டிய பட்டத்தை ஏத்தி, நூலைப் பனையில் கட்டிவிட்டால் இரவிரவாக அது கூவிக்கொண்டு நிற்கும். அண்ணைக்கு நூல். எனக்குப் பட்டத்தைப் பிடித்துவிடுகிற வேலை. நூறு யார் தள்ளிப் போய், பட்டத்தைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அங்கிருந்து அண்ணை "விடு!" என்று கத்துவார். விட்டுவிட்டு மண்ணில் நின்று பார்க்க வேண்டியதுதான். நூலைக் கையில் தரச் சொல்லி நான் எத்தனையோ முறை அழுதிருக்கிறேன். முச்சை கட்டத் தெரியாதவனுக்கு நூல் இல்லை என்பது அவருடைய சட்டம்.

பட்டம் ஏத்தியவர்களுக்கு முச்சை என்றால் விளக்க வேண்டியதில்லை. பட்டத்தின் உடம்பில் மூன்று இடத்தில் கட்டி, முன்னால் ஒரு புள்ளியில் சேர்க்கிற நூல். அந்தப் புள்ளியிலிருந்துதான் பெரிய நூல் தொடங்கும். அதைக் கொஞ்சம் மேலே தள்ளினால் பட்டம் படுத்துக்கொண்டு பறக்கும். கொஞ்சம் கீழே இறக்கினால் நிமிர்ந்து நின்று இழுக்கும். கூட இறக்கினால் சுற்றிக்கொண்டு வந்து குத்தும். கிளைடரிலும் இதே கதைதான். இன்னொரு விமானத்தின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவதற்கென்று மூக்கில் ஒரு கொக்கி இருக்கும். வின்ச்சுக்கு அது சரிவராது. மூக்கைப் பிடித்து இழுத்தால் மூக்கு கீழேதானே போகும்? அதனால் வயிற்றில், எடை ஒன்றுசேரும் புள்ளிக்குச் சற்று முன்னால், இன்னொரு கொக்கி. அங்கே பிடித்து இழுத்தால் விமானம் 45 பாகைவரை மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும். கொக்கிகளைச் செய்கிறது மியூனிக்கில் இருக்கிற டோஸ்ட் என்கிற கொம்பனி. உலகத்தில் பாதிக் கிளைடர்களின் வயிற்றில் அவர்களுடைய முச்சைதான் இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னேன். மகளுக்குச் சிரிப்பு. மற்றவர்களுக்கு விளங்கவில்லை.

பிள்ளையைப் பறக்க விட்டுவிட்டுத் தகப்பன் காரில் இருந்து போன் பார்ப்பது இங்கே நடக்காது. கிளைடர் கிளப் என்பது ஒருவர் ஐந்து நிமிடம் பறக்கப் பத்துப் பேர் நாள் முழுக்க நிற்கிற இடம். ஒருவர் சிறகின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். ஒருவர் கயிற்றைக் கொளுவ வேண்டும். ஒருவர் ஏறிய நேரமும் இறங்கிய நேரமும் எழுத வேண்டும். இழுத்து முடித்த கயிறுகளை வின்ச்சடியிலிருந்து திரும்பவும் மற்றத் தொங்கலுக்கு இழுத்துக்கொண்டு போக ஒரு பழைய கார் நிற்கும். அதற்கு 'லெப்போ' என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன், ஆளுக்கொரு கதை சொன்னார்கள். றோட்டில் ஓட்ட வயதில்லாத பதினாலு வயதுப் பெடியள்தான் அதைப் பெரும்பாலும் ஓட்டுகிறார்கள். இந்த வேலைகளில் எதையாவது செய்யத்தான் வேண்டும் என்பது எழுதாத விதி. தொழிற்சாலையில் யந்திரங்களோடு வேலை செய்கிறவன் என்று தெரிந்ததும் என்னைக் கொண்டுபோய் வின்ச்சில் இருத்திவிட்டார்கள்.

பழக்கியவர் எழுபத்திரண்டு வயதுப் பெரியவர். இங்கே எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லி, 'நீ' என்றுதான் கதைப்பார்கள். பதினைந்து வயதுப் பெடியன் என்னை 'நீ' என்பது இரண்டு கிழமையில் பழகிவிட்டது. அந்தப் பெரியவரை நான் 'நீ' என்பது இன்றைக்கும் பழகவில்லை. அதனால் பேச்சை வளைத்து வளைத்து, முன்னிலையே வராமல் கதைக்கிறேன். ஜேர்மன் இலக்கணத்துக்கு இது பெரிய வேலை.

எங்கள் வின்ச் ஒரு பழைய லொறியின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. எட்டுச் சிலிண்டர் டீசல் எஞ்ஜின். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ட்ரம், ஒவ்வொன்றிலும் ஆயிரம் மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கயிறு. ஓட்டுகிறவரின் கூண்டைச் சுற்றித் தடித்த கம்பிவலை. அது குருவிக்காக அல்ல. அறுந்த கயிறு திரும்பிச் சாட்டை மாதிரி வந்தால் ஆளைக் கிழிக்கும். இடது பக்கத்தில் சிவப்பு நெம்பு ஒன்று. அதை இழுத்தால் ஒரு கத்தி விழுந்து கயிற்றை வெட்டும். விமானத்தின் கொக்கி கடைசிவரை விடாமல் சிக்கிக்கொண்டால் இங்கிருந்து வெட்டிவிட வேண்டும், அதற்குத்தான். நான் அதை ஒரு முறையும் தொட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கு முன்னாலும் அது எங்கே இருக்கிறது என்று கை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரும்.

முன்பு எஃகுக் கம்பிவடம். ஆயிரம் மீட்டர் வடம் ஒரு ஆளின் எடை வரும். பழசானால் நார் பிரிந்து கையைக் கிழிக்கும். ட்ரம்மில் தளர்ந்து விழுந்தால் குருவிக்கூடு மாதிரிச் சிக்கிக்கொள்ளும், அதைப் பிரிக்க அரை நாள். இப்போது பல கிளப்புகளில் டைனீமா என்கிற செயற்கை நார்க்கயிறு. விரல் தடிப்புக்கூட இல்லை, தண்ணீரில் போட்டால் மிதக்கும். அது அறுந்தால் இரண்டு முனையையும் ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பின்னிவிடலாம். பெரியவருக்கு இன்னும் எஃகில்தான் காதல். எஃகு அறுகிறதுக்கு முதல் சொல்லிவிட்டு அறுகும் என்பார்.

இனி இழுப்புக்கு வருகிறேன். புதிதாகப் பார்க்கிறவர்கள் இது ஏதோ கவண் மாதிரி என்று நினைப்பார்கள். ஒரே எறி, மேலே போய்விடும் என்று. கவணில் கல்லை விட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாது. இங்கே கடைசிவரை கயிறு கையில் இருக்கிறது. ஆளும் விமானமுமாக 600 கிலோ வரை வருகிற ஏ.எஸ்.கே 21 மூன்று நொடியில் நூறு கிலோமீட்டர் வேகத்துக்குப் பக்கத்தில் போய்விடும். உள்ளே இருக்கிறவருக்கு முதுகில் யாரோ உதைத்த மாதிரி இருக்கும். நான் ஒரு முறை பின் இருக்கையில் இருந்து போனேன். சக்கரம் புல்லில் தடதடத்தது, தடதடப்பு நின்றது, பிறகு முன்னால் வானத்தைத் தவிர ஒன்றுமில்லை. பக்கத்தில் சிறகைப் பார்த்தால்தான் எவ்வளவு செங்குத்தாகப் போகிறோம் என்று தெரியும். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வின்ச் ஓட்டுகிறவனுக்கு முதலில் பிடிபடாதது ஒன்று உண்டு. கயிறு சுருளுகிற வேகமும் விமானம் பறக்கிற வேகமும் ஒன்றல்ல. நிலத்தில் ஓடும்போது இரண்டும் ஒன்றுதான். ஏறத் தொடங்கியதும் விமானம் என்னை நோக்கி மட்டும் வரவில்லை, எனக்குக் குறுக்காக மேலேயும் போகிறது. மேலே போகப் போக அந்தக் குறுக்குப் பங்கு கூடும். கயிறு அதே வேகத்தில் சுருண்டால் விமானத்தின் வேகம் கூடிக்கொண்டே போகும். ஆகவே ஏற ஏற நான் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் விமானம் எனக்கு மேலே வரும்போது கயிறு கிட்டத்தட்ட ஊர்ந்துகொண்டிருக்கும். பட்டம் ஏத்தும்போது இதேதான் நடக்கும்: முதலில் பின்னுக்கு ஓடுவோம், காற்றுப் பிடித்ததும் நிற்போம், பிறகு நூலை விடவே செய்வோம். அண்ணைக்கு இது தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் ஐம்பது வயதில் ஒரு ஜேர்மன் பெரியவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

எவ்வளவு குறைப்பது என்று எந்த முள்ளும் காட்டாது. வின்ச்சில் சுற்றுவேகம் காட்டுகிற முள் உண்டு, ஆனால் அங்கே விமானம் எந்த வேகத்தில் பறக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கயிற்றின் தொய்வைப் பார்க்க வேண்டும். அளவாக இழுத்தால் மெல்லிய வில் மாதிரி வளைந்திருக்கும். கூடினால் கம்பி மாதிரி விறைக்கும். எஞ்ஜினின் குரலைக் கேட்க வேண்டும். காற்று எதிரே பலமாக அடித்தால் இழுக்கிற வேலை பாதி காற்றுடையது. விமானி வாலை இடமும் வலமும் ஆட்டினால் "கூடிப்போச்சு, குறை" என்று பொருள். கயிற்றின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை உயரம் கிடைக்கும். எங்கள் திடலில் வழக்கமாக 400 மீட்டர். நல்ல எதிர்க்காற்றில் இன்னும் கொஞ்சம்.

உச்சியில் நான் விசையை முழுதாக எடுத்துவிடுவேன். விமானி மஞ்சள் பிடியை இழுத்துக் கயிற்றை விடுவார். எந்தக் கிளைடரில் ஏறினாலும் கயிறு விடுகிற பிடி மஞ்சள்தான். அவர் மறந்தாலும் கயிறு பின்பக்கமாகச் சரிந்ததும் கொக்கி தானாகவே விட்டுவிடும். அப்போது கயிற்று நுனியில் இருக்கிற சின்னக் குடை விரியும். கயிறு கண்டபடி காட்டிலும் வேலியிலும் விழாமல் அந்தக் குடை தொங்கிக்கொண்டு இறங்க, நான் இங்கே வேகமாகச் சுருட்டுவேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் விமானத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். வின்ச்காரன் மட்டும் அதை அத்தோடு மறந்துவிட்டுக் குடையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை. பெரியவர் என்னையும் மகளையும் வாசர்குப்பெ மலைக்குக் கூட்டிப்போனார். 950 மீட்டர், ஹெசனின் மிக உயர்ந்த மலை. டார்ம்ஸ்டாட் மாணவர்கள் 1911-இலேயே அங்கே கிளைடர் கொண்டுபோய்ப் பறந்து பார்த்திருக்கிறார்கள். முதல் உலகப்போரில் தோற்ற ஜேர்மனிக்கு வெர்சாய் ஒப்பந்தம் மோட்டர் விமானங்களுக்கு விலங்கு போட்டபோது, மோட்டர் இல்லாததைப் பறக்கவிட என்ன தடை என்று 1920-இல் ஒஸ்கார் உர்சினுஸ் என்பவர் அந்த மலையில் முதல் போட்டியை வைத்தார். இரண்டே வருடத்தில், 1922 ஆவணியில், மார்ட்டென்ஸ் என்பவர் 'வம்பீர்' என்கிற கிளைடரில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகாயத்தில் நின்றார். அதற்கெல்லாம் வின்ச் கிடையாது. தடித்த ரப்பர்க் கயிற்றை விமானத்தின் மூக்கில் கொளுவி, இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி ஓடுவார்கள். "இழு! ஓடு! விடு!" மூன்றே கட்டளை. அருங்காட்சியகத்தில் அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்நிதிக் கோயில் தேர்வடம்தான் ஞாபகம் வந்தது. ஆனால் ரப்பர்க் கயிற்றுக்கு மலை வேண்டும். சமதரையில் இருந்தவர்கள்தான் பழைய காரைத் தூக்கி நிறுத்தி, பின் சக்கரம் இருந்த இடத்தில் ட்ரம்மைப் பூட்டிக் கயிறு சுருட்டினார்கள். எங்கள் எட்டுச் சிலிண்டருக்கு அந்தக் காரெல்லாம் பாட்டன் முறை.

மகளுக்குப் பதினாலு வயதாகிய கோடையில் தனியாகப் பறந்தாள். முதல் மூன்று தனிப்பறப்பும் முடிந்ததும் இங்கே ஒரு சடங்கு. முள்ளும் செடியுமாக ஒரு பூங்கொத்தைக் கையில் கொடுத்து, கிளப்பில் இருக்கிற எல்லாரும் வரிசையாக வந்து பின்புறத்தில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். மேலே எழுகிற வெப்பக்காற்றை இருக்கையில் உணர்ந்து பறக்க வேண்டுமாம், அதற்காக அந்த இடத்தைத் தயார் செய்கிறார்களாம். அம்மாவிடம் பூங்கொத்தைப் பற்றி மட்டும் சொன்னேன்.

அடுத்த வருடம் அவளை 'கா 8' என்கிற ஒற்றை இருக்கைக்கு மாற்றினார்கள். 1957-இல் பறக்கத் தொடங்கிய வகை. இரும்புக் குழாய் உடம்பு, மரச் சிறகு, மேலே துணி. அச்சொட்டாகப் பட்டம். ஆளோடு சேர்த்தே 300 கிலோவைச் சற்றுத் தாண்டும். ஏ.எஸ்.கே 21-இன் பாதி. அந்தப் பாதியில்தான் நான் பிழை விட்டேன்.

வைகாசி மாதம், காற்று எறிந்தெறிந்து அடித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து தொடர்ந்து ஏழோ எட்டோ இழுப்பு, எல்லாம் ஏ.எஸ்.கே 21. அடுத்தது "வலது கயிறு, கா 8, ஒரு ஆள்" என்று தொலைபேசி தெளிவாகச் சொன்னது. நானும் "கா 8" என்று திருப்பிச் சொன்னேன். வாய் சொன்னதைக் கை கேட்கவில்லை. காலையிலிருந்து பழகிய இடம்வரை நெம்பு போய்விட்டது. வெள்ளைக் கோடு சிலுவையாகிய வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கை பின்னுக்கு வரத் தொடங்கிய அதே நேரம் எதிரே இருந்து ஒரு காற்று வந்து சேர்ந்தது. கயிறு விறைத்தது. பிறகு கயிறு இல்லை.

சத்தம் ஒன்றும் வரவில்லை. எஞ்ஜின் இரைச்சலில் வந்தாலும் கேட்காது. இறுகியிருந்த கோடு துவண்டு விழுந்தது, குடை பாதி வழியில் விரிந்தது, அதற்கு மேலே மகள் மூக்கைத் தூக்கியபடி நின்றாள். நூற்றிருபது மீட்டர் இருக்கும். இப்படி நடக்கிற நேரத்தில் வின்ச்காரனுக்கு இருக்கிற வேலை சின்னது: விசையை எடு, ட்ரம்மைப் பிடி, கயிறு திடலுக்குக் குறுக்கே ஓடாமல் பார். அதைச் செய்தேன். அதற்குப் பிறகு பட்டத்தைப் பிடித்துவிட்டு மண்ணில் நிற்கிற பெடியன்தான்.

கயிறு அறுவது வின்ச்சில் அதிசயம் அல்ல. அதனால்தான் பறக்கப் பழகுகிறவர்களுக்கு ஏறுவதைவிட அறுவதை அதிகமாகப் பழக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் கயிறு கொளுவ முதல், தாழ அறுந்தால் என்ன, நடுவில் அறுந்தால் என்ன, உயர அறுந்தால் என்ன என்று பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு நாள், பின்னால் இருக்கிற ஆசிரியர் சொல்லாமல் கொள்ளாமல் மஞ்சள் பிடியை இழுத்துவிடுவார். 45 பாகையில் ஏறுகிற விமானத்துக்குக் கயிறு போனால் வேகம் நொடியில் கரையும். உடனே மூக்கைக் கீழே தள்ள வேண்டும், வழக்கமாக இறங்குகிற அளவுக்கு. பிறகு காத்திருக்க வேண்டும். வேகம் திரும்ப வருவதற்கு முன்னால் விமானத்தைத் திருப்பினால் ஒரு பக்கச் சிறகு கீழே சரியும், விமானம் சுழன்றுகொண்டு வரும். செத்தவர்களில் கனபேர் அப்படித்தான் செத்திருக்கிறார்கள். நிலத்தில் ஓடும்போது சிறகு நுனி தட்டிப் புரண்டவர்கள், போதிய வேகம் வரமுதல் மூக்கைச் சடாரென்று தூக்கியவர்கள், இந்த இரண்டு வகையும் உண்டு. பிரிட்டிஷ் கிளைடிங் அசோசியேஷன் தங்கள் விபத்துகளை எல்லாம் இப்படிப் பிரித்துப் பார்த்து 2005-இல் ஒரு பாதுகாப்பு முயற்சியைத் தொடங்கியது. சிறகைச் சமமாக வைத்திருக்க முடியவில்லை என்றால் அது நிலத்தைத் தொடுமுன் கயிற்றை விடு, மூக்கை மெதுவாகத் தூக்கு, அறுந்தால் வேகத்துக்குக் காத்திரு. புது யந்திரம் எதுவும் இல்லை. இதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கினார்கள். சாவும் பெரிய காயமும் வெகுவாகக் குறைந்தன.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? மூக்கு கீழே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. நான் பயந்ததைவிடச் சீக்கிரமாகவும், பார்ப்பதற்குச் சற்று முரட்டுத்தனமாகவும் வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நேராக. கொக்கியில் தொங்கிய மிச்சத் துண்டு கீழே விழுவது ஒரு புள்ளியாகத் தெரிந்தது. சிறகுகளின் மேலே தடுப்புப் பலகைகள் எழுந்தன. எனக்கு முன்னால், முந்நூறு மீட்டர் தூரத்தில், கா 8 புல்லில் இறங்கி உருண்டு நின்றது. ஒரு சிறகு மெதுவாகச் சாய்ந்து நிலத்தில் படுத்தது.

கயிறு உண்மையில் அறுந்திருக்கவில்லை. குடைக்கும் விமானத்துக்கும் நடுவில், இரும்புக் கூட்டுக்குள் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. அதுதான் போனது. போகவேண்டியது அதுதான். வின்ச்சுக்கு வலிமை உண்டு, கயிற்றுக்கும் உண்டு, விமானத்தின் சிறகுக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லைக்கு முன்னால் எதுவோ ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டுமே. தகடுகளுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். கறுப்பு 1000 டெக்கா நியூட்டன், ஏறக்குறைய ஒரு தொன் இழுவை. பழுப்பு 850, சிவப்பு 750, நீலம் 600, வெள்ளை 500. ஏ.எஸ்.கே 21-க்குக் கறுப்பு. பாரம் குறைந்த விமானத்துக்கு அதற்கேற்ற நிறம். கயிறு கொளுவுகிற பிள்ளை நிறத்தைப் பார்த்து, விமானி நிறத்தைப் பார்த்து, இரண்டு பேரும் சரி என்ற பிறகுதான் கொளுவுவார்கள். அன்றைக்கு அவசரத்தில் யாராவது காலையில் இருந்த கறுப்பையே விட்டிருந்தால் என்று நான் இரவில் சில நாள் யோசித்தேன். விட்டிருக்கவில்லை. பெரிய விசயம் அதுதான்.

மகள் நடந்து வின்ச்சடிக்கு வந்தாள். கையில் இரண்டாக முறிந்த தகடு. புல்லுக்குள் தேடி எடுத்திருக்கிறாள்.

"அப்பா, நீங்கள் கூடக் குடுத்திட்டீங்கள்."

"ஓம்."

"நான் வாலை ஆட்டலாம் எண்டு நினைக்கிறதுக்குள்ள போட்டுது."

முகத்தில் பயம் இருந்ததா என்று பார்த்தேன். கோபம்தான் இருந்தது. 400 மீட்டருக்குப் போயிருந்தால் தெற்கே நின்ற முகிலுக்குக் கீழே வெப்பக்காற்றுப் பிடித்து ஒரு மணித்தியாலமாவது நின்றிருக்கலாம், அதை நான் கெடுத்துவிட்டேன் என்ற கோபம்.

பெரியவர் லெப்போவில் வந்து இறங்கினார். தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "உன் மகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது பிடிபட்டிருக்கிறது. உனக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பற்றித்தான் யோசிக்கிறேன்." அவ்வளவுதான். அன்றைய மிச்ச இழுப்புகளை அவரே செய்தார். அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நெம்பைத் தள்ளும்போது என் கைக்குப் பின்னால் தன் கையை வைத்திருந்தார், தொடாமல். நானாகவே ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டேன். தொலைபேசியில் விமானத்தின் பெயர் வந்ததும் நெம்பின் பக்கத்தில் ஒட்டிய நாடாவில் அந்த விமானத்துக்கான கோட்டை விரலால் தொட்டுவிட்டுத்தான் "தயார்" என்பேன். பெடியள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வீட்டில் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முறிந்த தகட்டைச் சாமியறையில் வைத்தது யார் என்று தெரியவில்லை. திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. கேட்டேன். "அது முறிஞ்சதால தானே பிள்ளை தப்பினது எண்டு அவள் சொன்னாள்" என்றா அம்மா. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

புரட்டாதிக் கடைசியில், பருவம் முடிய ஒரு கிழமை இருக்க, தானும் வாறன் என்று அம்மா வந்தா. குளிருக்கு இரண்டு கம்பளிச்சட்டை, மேலே சீலை, அதற்கு மேலே என்னுடைய தொழிற்சாலை ஜக்கெட். வின்ச் கூண்டுக்குள் என் பக்கத்து இருக்கையில் ஏற்றி இருத்தினேன். காதுக்கு மூடி கொடுத்தேன். எஞ்ஜின் உறுமியதும் என் முழங்கையைப் பிடித்தா, பிறகு வேலைக்கு இடைஞ்சல் என்று விளங்கி விட்டுவிட்டு முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டா.

"இடது கயிறு. கா 8. ஒரு ஆள்."

நாடாவில் கோட்டைத் தொட்டேன். கயிறு எழுந்தது, இறுகியது. சொல் வந்தது. மூன்று எண்ணினேன். கோடு சிலுவையாகியது. ஏற ஏற நான் குறைத்துக்கொண்டே வந்தேன். எஞ்ஜின் தணிந்ததும் கயிறு காற்றில் கூவுவது கேட்டது. அம்மா காதுமூடியை ஒரு பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டா. "விண் பூட்டியிருக்கோ?"

"இல்லை அம்மா. கயிறுதான் கூவுது."

மேலே வந்ததும் விசையை எடுத்தேன். குடை விரிந்தது. கயிறு இறங்கத் தொடங்கியது. அம்மா பதறிப்போனா. "அறுந்திட்டுதோ?"

"அறேல்லை. அவள்தான் விட்டவள்."

நான் குடையைப் பார்த்துக்கொண்டே சுருட்டினேன். அம்மா நெற்றிக்குக் கை கொடுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தா. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டா: "அப்ப இனி என்னெண்டு இறக்குவாய்?"

அதற்குள் தொலைபேசி அடித்தது. வலது கயிறு.